காணாமல் போனவர் இன்னும் ஊழியர்தான்: வாரிசு வேலை கேட்கும் குடும்பத்துக்கு

பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால் அலுவலகத்திலிருந்து நாலு பேர் மாலையோடு வீட்டுக்கு வருவார்கள். காரியம் முடிந்த கையோடு எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், எதை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லவும் யாராவது இருப்பார்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் காணாமல் போனால் வீட்டுக்கு வருவது மெமோ. 'இன்ன தேதி முதல் முன்னனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்' என்று காணாமல் போனவர் பெயருக்கே அது வரும். அதற்கு யார் பதில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பல வீடுகளில் அந்த உறை அலமாரியில் அப்படியே கிடக்கிறது. பின்னாளில் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய வேலை போகாமல் நின்றதற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் அந்த உறையில்தான் போய் முடிகிறது.

இந்த அத்தியாயம் முதன்மையாக மத்திய அரசு ஊழியர்களின் குடும்பங்களுக்கானது. அஞ்சல், வருமான வரி, சுங்கம், தணிக்கை என மத்திய அரசுத் துறைகளில் இருந்தவர்களுக்கு இதில் சொல்லும் விதிகள் பொருந்தும். மாநில அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், தனியார் ஆகியவை பற்றிப் பின்னால் தனிப் பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: காணாமல் போனவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் ஊழியர். அவருடைய பணி அறுபடாமல் இருக்கும்வரைதான் குடும்பத்தின் கோரிக்கைக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது. எனவே முதல் வேலை வாரிசு வேலைக்கு மனுப் போடுவது அல்ல. அவருடைய பணியைக் காப்பாற்றி வைப்பதுதான்.

ஏழு வருடமா, இரண்டு வருடமா?

'ஏழு வருஷம் ஆகட்டும், அப்புறம் வாங்க.' காணாமல் போனவரின் மனைவி அலுவலகத்துக்குப் போனதும் காதில் விழும் முதல் பதில் இதுதான். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குச் சேதி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தச் சேதியும் வரவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 111-ஆம் பிரிவு. இது நீதிமன்றத்தில் இறப்பை அனுமானிப்பதற்கான விதி. வேலை கொடுப்பதற்கான விதி வேறு.

மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2013 ஜனவரி 16-இல் வெளியிட்ட கருணை நியமனத் தொகுப்பாணையில் காணாமல் போன ஊழியர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதன்படி, காணாமல் போன நாளிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்தால் கோரிக்கையைப் பரிசீலிக்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள்: போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை என்பது உறுதியாக வேண்டும், விவகாரம் உண்மையானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். நீதிமன்றத்தின் இறப்புப் பிரகடனம் இதில் கேட்கப்படவில்லை. இந்தப் பகுதியை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஏழு வருஷம்' என்று யார் சொன்னாலும் வாதாட வேண்டாம், நகலை மேசையில் வையுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பணத்தை விடப் பெரியது. கணவர் வருவார் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் 'இறந்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது கொடுமை. பொட்டை அழிக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டு வெளியே போனால் ஊர் பேசுவதைத் தாங்கவும் முடியாமல் இருப்பவர் அவர். மாமியார் வீட்டில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காகவே அவரைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள். இரண்டாண்டு விதியின்கீழ் மனுச் செய்ய அவர் அப்படி எதுவும் எழுதத் தேவையில்லை. 'காணாமல் போய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத' என்று எழுதினால் போதும். இதை அந்த வீட்டுப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து விளக்குங்கள். கையெழுத்துகள் எளிதாகக் கிடைக்கும்.

விதி யாரை விலக்குகிறது என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. காணாமல் போன நாளில் ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாக இருந்தவர், மோசடி செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர், பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததாகவோ வெளிநாடு போய்விட்டதாகவோ சந்தேகிக்கப்படுபவர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சந்தேகம் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருப்பதால்தான் போலீசில் கொடுக்கும் வாக்குமூலம் இவ்வளவு முக்கியமாகிறது.

காவல் நிலையத்தில்

புகார் கொடுத்ததும் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு பெறப்பட்டது என்பதற்கான அத்தாட்சி அது, அவ்வளவுதான். அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரப்படுத்தி வைத்து, ஒன்றரை வருடம் கழித்து அலுவலகம் கேட்கும்போதுதான் விவரம் தெரிந்து தவிப்பவர்கள் உண்டு. 'ஆள் காணவில்லை' என்று வழக்குப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். எஃப்.ஐ.ஆர். எண், தேதி, நிலையத்தின் முத்திரை மூன்றும் உள்ள நகல் புகார்தாரருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பெற்று உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

தாமதம் செய்யாதீர்கள். 'கோவித்துக்கொண்டு போயிருக்கிறார், வந்துவிடுவார்' என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். குடும்ப ஓய்வூதியக் கணக்கும் எஃப்.ஐ.ஆர். தேதியை வைத்தே தொடங்குவதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நேரடி இழப்பு.

வாக்குமூலத்தில் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். காணாமல் போன அன்று என்ன உடை, எத்தனை மணிக்குக் கிளம்பினார், கையில் என்ன வைத்திருந்தார், போன் கடைசியாக எப்போது எடுத்தார், உடம்புக்கு என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்: இவையெல்லாம் தெரிந்தவை. 'துபாய்க்குப் போயிருப்பாரோ என்னவோ' என்று அக்கம்பக்கத்தில் யாரோ அனுமானமாகச் சொன்னதைப் பதற்றத்தில் நாமும் சொல்லிவைத்தால், அது விசாரணை அறிக்கையில் ஒரு வரியாகிவிடும். அந்த ஒரு வரி 'வெளிநாடு சென்றதாகச் சந்தேகம்' என்று விலக்கு விதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. கடன் இருந்தால் கடன் இருந்தது என்று சொல்லுங்கள், சண்டை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊகத்தை மட்டும் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் அது வீட்டில்தான் இருக்கிறது என்று பதிவு செய்யச் சொல்வது பின்னாளில் பெரிய துணையாக இருக்கும்.

விசாரணை முடிந்தபின், 'எல்லா முயற்சிகளுக்குப் பிறகும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் தரும் சான்றும் வேண்டும். நான்-ட்ரேசபிள் சர்டிபிகேட் என்று அலுவலகங்களில் இதைத்தான் கேட்பார்கள். தானாக வீடு தேடி வராது. அவ்வப்போது எழுதிக் கேளுங்கள். கேட்ட கடிதங்களின் நகல்களே நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்பதற்குச் சாட்சியாகும். பத்திரிகையில் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்திருந்தால் அந்தத் தாளை முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைத்தால் தேதி போய்விடும்.

மெமோவுக்குப் பதில்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

வரவில்லை என்றால் அலுவலகம் சும்மா இருக்காது. முதல் மெமோ, இரண்டாவது மெமோ, பிறகு 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14-ஆம் விதியின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று வரிசையாக வரும். விசாரணை அதிகாரி நியமிக்கப்படுவார். அவர் அனுப்பும் அறிவிப்பு 'பெற மறுப்பு' என்றோ 'ஆள் இல்லை' என்றோ தபால்காரர் குறிப்போடு திரும்பும். ஆளில்லாமலே விசாரணை நடக்கும். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை, அதன்மேல் பணியறவு. இதைத் தவிர, விடுப்பு விதிகளின் 12-ஆம் விதிப்படி, அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வராதவர் ராஜினாமா செய்துவிட்டதாகவே கருதப்படலாம். அதற்கு முன் காரணம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது மட்டுமே காப்பு. கணக்கைப் பாருங்கள். வாரிசு வேலை கேட்க இரண்டு ஆண்டுகள் ஆக வேண்டும். அதற்கு முன்பே, ஓராண்டிலேயே, அவர் ஊழியரே இல்லை என்று ஆகிவிடக்கூடும். பணியறவு பெற்றவரின் குடும்பத்துக்குக் கருணை நியமனம் கிடையாது.

எனவே அவர் பெயருக்கு வரும் எந்த உறையையும் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க உங்களுக்கு உரிமை இல்லை என்று தபால்காரர் சொன்னால், அலுவலகத்துக்கு நேரில் போய் நகல் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மனைவி, அல்லது பெற்றோர், அல்லது வயது வந்த மகன், மகள் தம் பெயரில் பதில் எழுத வேண்டும். அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு விடுப்பு விண்ணப்பம் அனுப்புவது போன்ற காரியத்தை யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள். அது பொய் ஆவணம். அதோடு கோரிக்கையும் போகும்.

மெமோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். கிடைத்த மறுநாளே இப்படி ஒரு கடிதம் போகட்டும்:

'ஐயா, தங்கள் அலுவலகத்தில் (பதவி) ஆகப் பணிபுரியும் திரு. (பெயர்), பணியாளர் எண் (…), என் கணவர். (தேதி) அன்று காலை (நேரம்) மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியவர் இதுவரை திரும்பவில்லை. இது குறித்து (ஊர்) காவல் நிலையத்தில் (எண்) என்ற எஃப்.ஐ.ஆர். (தேதி) அன்று பதிவு செய்யப்பட்டுள்ளது, நகல் இணைத்துள்ளேன். அவர் பணிக்கு வராதது அவர் விருப்பத்தால் நேர்ந்தது என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே அவர் மீது வராமைக்கான ஒழுங்கு நடவடிக்கை எதுவும் எடுக்காமல், அவரைக் காணாமல் போன ஊழியராகப் பணிப்பதிவேட்டில் குறிக்குமாறும், இனி அவர் பெயருக்கு அனுப்பும் எல்லாக் கடிதங்களின் நகலையும் எனக்கு அனுப்புமாறும் வேண்டுகிறேன். எனக்கும் குழந்தைகளுக்கும் உரிய குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான நியமனம் உள்ளிட்ட உரிமைகளை உரிய காலத்தில் கோருவேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு யாராவது 'இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறார்' என்று சொன்னால், முதல் மாதத்திலேயே கேட்டதற்கு அது ஆதாரம். அலுவலகத் தலைவர், நியமன அதிகாரி, நல அலுவலர் மூவருக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட். பதிவுத் தபால் 2025-இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணியறவு உத்தரவு வந்துவிட்டதா? வேலை கேட்டு மனுப் போடுவதில் பயனில்லை, முதலில் அந்த உத்தரவை நீக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 45 நாள் கெடு; போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். மேல்முறையீடு ஊழியரே தம் பெயரில் செய்ய வேண்டியது என்பதால், மனைவி என்ற முறையில் மறுஆய்வு கேட்டு உயர் அதிகாரிக்கு எழுதுங்கள். விசாரணை நடந்த காலத்திலேயே எஃப்.ஐ.ஆர். இருந்தது, அறிவிப்பு அவருக்குச் சேரவே இல்லை, சேரவும் முடியாது: இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். இங்கே வழக்கறிஞர் துணை அவசியம்.

அதுவரை சோறு போட

வேலை வருவதற்குள் வீடு நடக்க வேண்டும். ஓய்வூதிய விதிகள் இதில் வேலை விதியை விடக் கருணையாக இருக்கின்றன. வர வேண்டிய சம்பளப் பாக்கி, விடுப்புச் சம்பளம், ஜி.பி.எஃப். ஆகியவற்றை எஃப்.ஐ.ஆர். பதிவாகி, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் அறிக்கை தந்ததும் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகி ஆறு மாதம் ஆனதும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் பணிக்கொடைக்கும் விண்ணப்பிக்கலாம். முன்பு ஓராண்டாக இருந்தது ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. இப்போது 2021-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 51-ஆம் விதி இதைச் சொல்கிறது. இறப்புப் பணிக்கொடைக்கும் முதலில் கிடைக்கும் பணிக்கொடைக்கும் உள்ள வித்தியாசத் தொகை மட்டும் ஏழு ஆண்டு கழித்தோ இறப்பு உறுதியான பிறகோ கிடைக்கும். அவர் திரும்பி வந்தால் பெற்ற தொகையை ஈடு செய்வதாகப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அது வழக்கமான நடைமுறை. என்.பி.எஸ்.-இல் இருந்தவர்களின் குடும்பங்களுக்கும் 2022-இல் வழி திறக்கப்பட்டது. பணியில் சேர்ந்தபோது அவர் கொடுத்த விருப்பப் படிவத்தைத் தேடி எடுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கினால் வேலை கிடைக்காது என்று பயந்து சிலர் வாங்காமலே இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதை மட்டும் காரணம் காட்டிக் கருணை நியமனத்தை மறுக்க முடியாது என்று கனரா வங்கி வழக்கொன்றில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாண்டு நிறைந்ததும்

யார் விண்ணப்பிக்கலாம்? கணவன் அல்லது மனைவி, மகன், மகள் (தத்துப் பிள்ளைகளும் சேர்த்து). ஊழியர் மணமாகாதவராக இருந்தால் அவரைச் சார்ந்து வாழ்ந்த சகோதரன் அல்லது சகோதரி. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அதில் தளர்வு இல்லை. மேல் வயது வரம்பைத் தளர்த்தலாம். படிக்காத கைம்பெண்ணைப் பன்முகப் பணியாளர் போன்ற பதவிகளில், வேலையைச் செய்ய முடியும் என்றால், கல்வித் தகுதியிலிருந்து விலக்கி நியமிக்க இடமுண்டு. காணாமல் போனவரின் மனைவியும் அதே சலுகையைக் குறிப்பிட்டுக் கேட்டு எழுத வேண்டும். யார் வேலைக்குப் போவது என்பதை வீட்டுக்குள் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மருமகள் ஒரு மனுவும் மாமனார் மைத்துனனுக்காக இன்னொரு மனுவும் போட்டால் இரண்டும் ஒரே கோப்பில் கட்டப்பட்டுத் தூங்கும்.

தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் அது கிடைப்பது கடினம். இரண்டாண்டு விதி இறப்பையே கேட்காதபோது இறப்பின்பேரில் கிடைக்கும் சான்றிதழைக் கேட்பது பொருந்தாது என்று எழுத்தில் சொல்லுங்கள். மாற்றாக, அவருடைய பணிப்பதிவேட்டில் அவரே கையெழுத்திட்டுக் கொடுத்த குடும்ப விவரப் படிவம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றைக் கொடுங்கள். இவற்றோடு எஃப்.ஐ.ஆர்., போலீஸ் சான்று, சொத்து மற்றும் கடன் விவரம், மற்ற உறுப்பினர்களின் சம்மதம், நியமனம் பெறுபவர் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக உறுதிமொழி ஆகியவை போக வேண்டும்.

கடன் விவரத்தில் பலர் கூச்சப்படுகிறார்கள். விண்ணப்பங்களை ஆராயும் குழு பார்ப்பது எந்தக் குடும்பம் அதிகம் நொடிந்திருக்கிறது என்பதைத்தான். நேரடி நியமனத்துக்கான குரூப் 'சி' காலியிடங்களில் 5 சதவீதம் மட்டுமே இதற்கு ஒதுக்கீடு, அதற்குள் போட்டி. பல துறைகள் 100 புள்ளிக்கு மதிப்பிடுகின்றன. சொத்து, மாத வருமானம், கையில் வந்த பணம், சார்ந்திருப்போர் எண்ணிக்கை, மணமாகாத மகள்கள், சிறு குழந்தைகள், அவருக்கு மீதமிருந்த பணிக்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அடகு வைத்த நகை ரசீது, பள்ளிக் கட்டணப் பாக்கி, மாமியாரின் மருத்துவச் சீட்டு எல்லாம் இங்கே பேசும். உள்ள சொத்தை மறைத்தால் பின்னால் வேலையே போகும், மறைக்காதீர்கள்.

காணாமல் போனவர்களின் கோப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளூர் அலுவலகத்துக்கு இல்லை. அமைச்சகத்தின் செயலர் நிலையில்தான் முடிவாக வேண்டும் என்று தொகுப்பாணை சொல்கிறது. அதனால் உள்ளூரில் யாராவது 'முடியாது' என்று வாயால் சொன்னால் அது முடிவு அல்ல; கோப்பு மேலே போயிற்றா, எந்தத் தேதியில் போயிற்று என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்: எத்தனை காலியிடம், எத்தனை நியமனம், என் விண்ணப்பத்துக்கு எத்தனை புள்ளி, கடைசியாகத் தேர்வானவருக்கு எத்தனை புள்ளி. மூன்றாண்டுக்குள் இடம் கிடைக்காவிட்டால் பெயரை நீக்கிவிடும் பழைய வழக்கம் 2012 ஜூலையில் கைவிடப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீதிமன்றப் பிரகடனம் எப்போது தேவை

சில நிறுவனங்களின் விதிகள் இறப்பைத்தான் கேட்கும். காப்பீட்டுத் தொகைக்கும், சொத்தைப் பெயர் மாற்றவும் அது தேவை. ஏழு ஆண்டு நிறைந்ததும் உரிமையியல் நீதிமன்றத்தில் இறந்ததாகப் பிரகடனம் கேட்டு வழக்குத் தொடரலாம். எதிர்த்தரப்பில் நிறுவனத்தையும் சேர்ப்பது நல்லது. எதிர்த்தரப்பில் அரசு இருந்தால் இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். நிறுவனத்தைச் சேர்க்காமல் தீர்ப்பு வாங்கி வந்தால், 'எங்களைக் கேட்காமல் வாங்கிய தீர்ப்பு' என்று மறுபடி ஒரு சுற்று தொடங்கும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏழு ஆண்டு கழித்து இறந்ததாக அனுமானிக்கலாமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிக்க முடியாது என்று எல்.ஐ.சி. தொடர்பான அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. (ஆகவே காணாமல் போனவரின் பாலிசிக்கு பிரீமியம் கட்டுவதை நிறுத்தாதீர்கள்.) நாக்பூர் மாநகராட்சி ஊழியர் ஒருவர் 2012-இல் காணாமல் போனார், சில மாதங்களில் அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. பின்னர் நீதிமன்றப் பிரகடனம் பெற்று மகனுக்கு வேலை கேட்டார்கள். காணாமல் போன நாளையே இறந்த நாளாகக் கொள்ள முடியாது, ஏழாண்டு முடியும் முன்பே அவர் ஓய்வு பெற்றவராகிவிட்டார் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர் காணாமல் போன வீட்டில் ஏழாண்டு காத்திருக்கும் யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த வழக்கே போதும். இரண்டாண்டு விதி இருக்கும் இடத்தில் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற நிறுவனங்கள்

தமிழ்நாடு அரசில் கருணை நியமனத்துக்கு 2023-இல் தனி விதிகள் வந்தன; இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காணாமல் போனவரின் குடும்பம் இந்தக் கெடுவை மனதில் வைத்து, முதல் மூன்றாண்டுக்குள் ஒரு விண்ணப்பத்தைப் பதிவில் ஏற்றிவிட்டு, நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதைக் குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. முதல் மனுவைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. திருப்பிய கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கோல் இந்தியா சுரங்கங்களில் வாரிசு வேலை தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தத்தின் பகுதி. நிர்வாகம் தன் விருப்பப்படி தரும் சலுகை அல்ல, தொழிற்சங்கங்களோடு செய்த உடன்பாடு. விண்ணப்பக் கெடு தாண்டிவிட்டது என்று மறுத்த நிர்வாகத்தின் முடிவை மோகன் மஹதோ வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கும் வராமைக்கான பணிநீக்கம்தான் குடும்பத்தின் முதல் எதிரி. பொதுத்துறை நிறுவனம் எதுவானாலும் சங்க அலுவலகத்தில் ஒப்பந்தத்தையும் நிலையாணைகளையும் கேட்டுப் படியுங்கள். தனியார் நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ எழுதியிருந்தால் ஒழிய, இப்படி வேலை தரும் கடமை இல்லை.

பேரிடரில் காணாமல் போனவர்களுக்கு ஏழாண்டு கணக்கை அரசே தளர்த்தியிருக்கிறது. 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மீனவர்களின் குடும்பங்களுக்குக் காத்திருப்பின்றி 20 லட்ச ரூபாய் நிவாரணம் தரப்பட்டது. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலி வெள்ளத்தில் நீர்மின் திட்டப் பணியிடங்களிலிருந்து அடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு, விசாரணை நடத்தி, ஆட்சேபம் கேட்டு, இறப்புச் சான்றிதழ் தரும் நடைமுறையை அந்த மாநில அரசு அறிவித்தது. பணியில் இருந்தபோது பேரிடரில் சிக்கியவர் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் இதே நடைமுறையைக் கேட்டு மனுச் செய்யுங்கள்.

மறுத்தால்

கருணை நியமனம் உரிமை அல்ல, திடீரென்று நொடிந்த குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கத் தரும் விலக்கு என்று உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலைப்பாடுதான் இன்றும் தொடர்கிறது. காலம் போகப்போக நெருக்கடி தீர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் கருதும். காணாமல் போனவரின் குடும்பத்துக்கு இது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். காத்திருக்கச் சொல்வதும் விதி, காத்திருந்ததற்காகத் தள்ளுவதும் விதி. இந்த முரணை உங்கள் மனுவிலேயே எழுதுங்கள். தாமதம் உங்களுடையது அல்ல என்பதைக் காட்ட ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருங்கள்.

எழுத்தில் மறுப்பு வந்தால் ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுச் செய்ய வேண்டும். மனுவுக்குப் பதிலே வரவில்லை என்றால் ஆறு மாதம் பார்த்து, அது முடிந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன்பிறகு அனுப்பும் நினைவூட்டல்கள் இந்தக் கெடுவை நீட்டிக்காது. மறுப்பாணையில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, போலீஸ் அறிக்கையைப் பார்த்தார்களா, செயலர் நிலையில் முடிவெடுத்தார்களா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தைக் கேட்க அது வலுவான காரணம். வழக்கறிஞரிடம் போகும்போது முதல் கடிதத்தின் முத்திரையிட்ட நகலைக் கோப்பின் மேலே வைத்துக் கொடுங்கள்.